பங்கு கேட்டவனா நாட்டைக் கெடுத்தவன்?

போன மாசியில் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு ஒழுங்கையில், எங்கட அப்பப்பாவின் வீட்டு விறாந்தையில் குடும்பக் கூட்டம் ஒன்று நடந்தது. காணி பதினாறு பேர்ச். பிள்ளைகள் ஐந்து பேர்: ஆண் மூன்று, பெண் இரண்டு. ஒருத்தர் ரொறன்ரோவில் இருந்து வட்ஸ்அப்பில், ஒருத்தர் லண்டனில் இருந்து வட்ஸ்அப்பில், மிச்சப் பேர் பிளாஸ்ரிக் கதிரைகளில். அப்பப்பா மரணசாசனம் எழுதாமல் போய்விட்டார். பக்கத்து வீடுகள் எல்லாம் எட்டு மாடி, பத்து மாடி என்று எழும்பிவிட்டன. எங்கட வீட்டுக்கும் ஒரு கட்டிடக்காரர் விலை கேட்டு வந்திருக்கிறார்.

பெரியப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், வரலாறு படிப்பித்தவர். அவர் சொன்னது இதுதான்: "துண்டு துண்டாப் பிரிச்சா ஒருத்தருக்கும் ஒண்டும் மிஞ்சாது. கோட்டை ராச்சியத்தை அண்ணன் தம்பி மூண்டு பேர் பிரிச்சதாலதானே போர்த்துக்கேயன் உள்ள வந்தவன்? ஒற்றுமையா இருங்கோ. என்ட பேரில எழுதுங்கோ, நான் எல்லாருக்கும் பார்த்துச் செய்வன்."

யாரும் பேசவில்லை. வரலாற்றை வைத்துப் பேசினால் எங்கட வீட்டில் யாரும் திருப்பிக் கதைப்பதில்லை. நானும் அண்டைக்குக் கதைக்கவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில், மேடைகளில், பத்திரிகைக் கட்டுரைகளில், கலியாண வீட்டில் சாப்பாடு பிந்தும்போது. சகோதரர்கள் பிரிந்தார்கள், அந்நியன் வந்தான், நாடு போச்சு. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அந்த மூன்று சகோதரர்களுக்கு உண்மையில் நடந்ததைப் பார்த்தால், இந்தப் பாடத்துக்கு அது சாட்சி சொல்லாது. எதிர்த்தரப்புக்குத்தான் சாட்சி சொல்லும்.

1521. கோட்டையில் விஜயபாகு ராஜா. முதல் தாரத்துப் பிள்ளைகள் மூன்று பேர்: புவனேகபாகு, றைகம் பண்டார, மாயாதுன்னை. இரண்டாம் தாரத்தின் மகனுக்கு ராச்சியத்தைக் கொடுக்க அவர் நினைத்தார் என்றும், மூத்தவர்கள் மூன்று பேரையும் தீர்த்துக்கட்டத் திட்டம் போட்டார் என்றும் ராஜாவலிய சொல்கிறது. பிள்ளைகளுக்கு விசயம் தெரிந்துவிட்டது. தப்பி ஓடி, கண்டியில் இருந்து படை திரட்டிக்கொண்டு திரும்பினார்கள். அரண்மனை சூறையாடப்பட்டது. அப்பாவைக் கொல்ல உள்ளூர்க்காரன் ஒருத்தனும் கை வைக்க மாட்டான் என்பதால் வெளியாள் ஒருவனைப் பிடித்துச் செய்வித்தார்களாம். இதுக்குத்தான் 'விஜயபா கொள்ளய' என்று பெயர். சிங்களத்திலும் அது கொள்ளைதான், தமிழிலும் கொள்ளைதான்; மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொற்கள் சில இந்த நாட்டில் உண்டு.

ஆக முதல் விசயம்: பங்குபோடுவதற்கு முதலே ரத்தம் ஓடிவிட்டது. ஒரு முழு ராச்சியம், ஒரு முழு அரண்மனை, ஒரே ஒரு கதிரை. அந்தக் கதிரை ஒன்றாக இருந்ததால்தான் அப்பா பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தார், பிள்ளைகள் அப்பாவைக் கொன்றார்கள். பிரித்ததால் வந்த சண்டை இல்லை அது.

பிறகு பிரித்தார்கள். மூத்தவர் புவனேகபாகுவுக்குக் கோட்டை, கொழும்புத் துறைமுகம், கறுவா விளைகிற கரையோரம், அதோடு 'சக்கரவர்த்தி' என்ற பட்டம். றைகம் பண்டாரவுக்கு றைகம, அதாவது இன்றைய ஹொறணை, பண்டாரகமைப் பக்கம். கடைசியார் மாயாதுன்னைக்கு சீதாவாக்கை, இன்றைய அவிசாவளை. நீங்கள் கொழும்பில் இருந்து இரத்தினபுரிக்கு பஸ்ஸில் போனால் அந்தப் பங்குக்குள்ளாலதான் போவீர்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது, களனி ஆற்றில் வந்து விழுகிற சின்ன ஆறு, ஒரு பாழடைந்த கோயில், கொஞ்சம் கல்.

இந்தப் பங்கீட்டில் ஒரு கோளாறு இருந்தது. நிலத்தைப் பிரித்தார்கள், பட்டத்தைப் பிரிக்கவில்லை. மூத்தவர் பெயருக்கு முழு நாட்டுக்கும் சொந்தக்காரர், நடைமுறையில் தன் துண்டுக்கு மட்டும். 843 இல் வெர்டனில் சார்லிமேனின் பேரன்மார் மூன்று பேர் ஐரோப்பாவைப் பிரித்தபோதும் இதே கணக்குத்தான்: லோத்தருக்குப் பேரரசர் பட்டமும் நடுத்துண்டும், தம்பிமாருக்கு இரண்டு பக்கமும். நடுத்துண்டுக்காக எத்தனை நூற்றாண்டு அடிபட்டார்கள் என்று அல்சாஸ்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். மூத்தவர் என்பதற்காக ஒரு வெற்றுப் பட்டத்தைத் தலையில் வைத்துவிட்டால், அவர் அதை நிசமாக்கப் பார்ப்பார். இளையவர் அதைப் பறிக்கப் பார்ப்பார்.

அப்படியிருந்தும், பிரித்த நாளில் இருந்து 1538 இல் றைகம் பண்டார சாகும்வரை மூன்று ராச்சியங்களும் இருந்தன. அவர் கண்ணை மூட, மாயாதுன்னை அவரின் பங்கை எடுத்துக்கொண்டார். இதை யாரும் "பிரிவினை" என்று சொல்வதில்லை. ஒன்றுசேர்த்தல் என்றால் எப்போதும் நல்ல பெயர்தான்.

உண்மையான வழக்கு வேறு. புவனேகபாகுவுக்குப் பட்டத்துக்கு உரிய ஆண்பிள்ளை இல்லை. மகள் ஒருத்தி இருந்தாள், சமுத்திராதேவி. அவளை வீதிய பண்டாரவுக்குக் கட்டிக்கொடுத்து, ஒரு பேரன் பிறந்தான்: தர்மபால. அண்ணன் செத்தால் தம்பிக்கு வரவேண்டும் என்பது மாயாதுன்னையின் வாதம். விஜயபாகுவே தன் அண்ணனுக்குப் பிறகுதான் ராஜாவானவர், ஆகவே வாதத்துக்கு வழக்கமும் துணை. இல்லை, என்ட மகளின் மகனுக்குத்தான் என்பது புவனேகபாகுவின் வாதம். தம்பியா, மகளின் மகனா? இது கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாரத்துக்கு ஒன்று சட்டத்தரணியின் மேசைக்கு வருகிற வழக்கு. இரண்டு பக்க வாதத்திலும் சமுத்திராதேவி என்ற மனுசி ஒரு வாசல். அவளுக்குள்ளால் சொத்து போகும், அவளிடம் நிற்காது. அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் என்ன நினைத்தாள் என்று எழுதிவைக்கவும் ஒருத்தரும் இல்லை.

சரி, புவனேகபாகு என்ன செய்தார்? பேரனுடைய உருவத்தைப் பொன்னில் செய்வித்து, தூதுவரிடம் கொடுத்து, லிஸ்பனுக்கு அனுப்பினார். 1543 இல் போர்த்துக்கல் ராஜா மூன்றாம் ஜோவாவோ அந்தப் பொம்மைக்கு முடிசூட்டினார். பகிடி இல்லை. அந்தக் காட்சி செதுக்கிய யானைத்தந்தப் பேழை ஒன்று இன்றைக்கும் ஜேர்மனியில் மியூனிக் அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது. தம்பிக்குப் பங்கு போகக்கூடாது என்பதற்காக, கடல்கடந்து ஒரு நொத்தாரிசைத் தேடிப் போன முதல் கொழும்புக்காரர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

இப்ப பெரியப்பாவின் வாக்கியத்துக்குத் திரும்பிப் போவோம். "பிரிச்சதாலதானே போர்த்துக்கேயன் உள்ள வந்தவன்?" இல்லை. போர்த்துக்கேயர் கரைக்கு வந்தது 1505. கொழும்பில் கோட்டை கட்டியது 1518. இரண்டு முறையும் கோட்டை ராச்சியம் ஒரே துண்டாக, ஒரே ராஜாவின் கையில் இருந்தது. அவர்கள் உள்ளே வந்தது வீடு ஒற்றுமையாக இருந்தபோதுதான். வாசலைத் திறந்தவர் குடும்பத் தலைவர்.

அதுக்குப் பிறகு நடந்ததும் அப்படித்தான். 1551 இல் களனியில் ஒரு போர்த்துக்கேயனின் துப்பாக்கிக் குண்டு பட்டு புவனேகபாகு செத்தார். தவறுதலா, வேண்டுமென்றா என்று இன்றுவரை சண்டை. அதே வருசம் கோவாவில் இருந்து வந்த ஆளுநர் நொரோஞ்ஞா, காப்பாற்ற வந்த ஆள், கோட்டை அரண்மனைத் திரவியத்தை அள்ளிக்கொண்டு போனார். 1557 இல் தர்மபால ஞானஸ்நானம் பெற்று தொன் ஜோவாவோ ஆனார். விகாரைகளுக்குச் சொந்தமான ஊர்கள் பிரான்சிஸ்கன் துறவிகளுக்குப் போயின. 1565 இல் கோட்டையையே கைவிட்டு, ராஜாவைக் கொழும்புக்குள் கொண்டுவந்து, போர்த்துக்கேயரின் மதிலுக்குள் குடிவைத்தார்கள். 1580 ஆகஸ்ட்டில் அவர் ஒரு நன்கொடை உறுதி எழுதினார்: வாரிசு இல்லாமல் நான் செத்தால் என் ராச்சியம் முழுவதும் போர்த்துக்கல் ராஜாவுக்கு. 1597 இல் செத்தார். உறுதி அமுலுக்கு வந்தது.

நாடு போனது இந்தக் கடதாசியில்தான். ஒரு ஆள், ஒரு கையெழுத்து. 'முழுவதும்' என்று எழுத அவருக்கு உரிமை இருந்தது, ஏனென்றால் பட்டம் முழுவதுக்கும் உரியது. 1521 இல் பிரிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கையெழுத்து என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சீதாவாக்கையும் சேர்ந்து போயிருக்கும். பிரித்ததால்தான் ஒரு துண்டு தப்பியது. அந்தத் துண்டுதான் சண்டை போட்டது: முல்லேரியாச் சதுப்பில் போர்த்துக்கேயரை முறியடித்தது மாயாதுன்னையின் மகன் ராஜசிங்கன், 1587 இல் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்தவர்களுக்குச் சோறு தண்ணி இல்லாமல் பண்ணியதும் அவன்தான். கடைசித் தம்பியின் பங்கு அது. "வீட்டை உடைத்தவன்" என்று பெரியப்பா சொல்கிற அதே தம்பி.

மாயாதுன்னையை நான் வீரராக்க வரவில்லை. அவர் கள்ளிக்கோட்டைச் சாமூதிரியிடம் கப்பல் கேட்டார். குஞ்ஞாலி மரைக்காயரின் ஆட்கள் வந்து அவருக்காகச் சண்டை போட்டார்கள். 1538 இல் வேதாளையில், ராமநாதபுரம் கடற்கரையில், அந்தக் கப்பற்படை போர்த்துக்கேயரிடம் அழிந்தது. அடுத்த வருசம் போர்த்துக்கேயர் சீதாவாக்கைக்கு வந்து சமாதானத்துக்கு விலை கேட்டபோது, தன்னிடம் இருந்த மரைக்காயர் தளபதிகளின் தலைகளைக் கொடுத்துச் சமாதானம் வாங்கினார் மாயாதுன்னை. துணைக்கு வந்தவனின் தலை. ஆகவே பங்கு கேட்கிறவன் நல்லவன், மூத்தவன் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. ராச்சியத்தை அப்பன் வீட்டுச் சொத்தாக நினைத்ததில் மூன்று பேரும் ஒரே ஆள்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர் சிரிக்கத் தேவையில்லை. எங்கட வைபவமாலையில் சங்கிலி என்ன செய்தான்? ஒரு சகோதரனுக்கு நஞ்சு, இன்னொருவனுக்குக் கத்தி, மூன்றாமவன் பரநிருபசிங்கன் கண்டிக்கு வைத்தியம் பார்க்கப் போன நேரம் பார்த்துச் சிம்மாசனம். அது பிரிக்காத ராச்சியத்தின் கதை. பரநிருபசிங்கனுக்கு ஏழு ஊர் கிடைத்ததையும், அவன் மகன் காலத்தில் சண்டிலிப்பாய், அராலி, அச்சுவேலி, உடுப்பிட்டி, கச்சாய் என்று அவை ஆண்மக்கள் ஏழு பேருக்கும் ஆளுக்கொன்றாய்ப் பிரிக்கப்பட்டதையும் அதே நூல்தான் சொல்கிறது. அந்தப் பிரிவினையில் யாரும் யாருக்கும் நஞ்சு வைத்ததாகக் கதை இல்லை. எது நல்ல முன்மாதிரி என்று நீங்களே சொல்லுங்கள்.

பிரிப்பதில் கஷ்டம் இல்லையா? இருக்கிறது. பத்துத் தென்னை மரத்தில் 2520 இல் ஒரு பங்கு யாருக்கு என்று காலி நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததை எமர்சன் டெனன்ட் 1859 இல் வந்த தன் புத்தகத்தில் எழுதி வெள்ளைக்காரரைச் சிரிக்கவைத்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த 2520 இல் ஒரு பங்கு ஏன் வந்தது? யாரும் ஒருகாலமும் பிரிக்காததால். தலைமுறை தலைமுறையாக "ஒற்றுமையா இருப்பம், எல்லாருக்கும் பொது" என்று உறுதியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினதால். பிரிக்காத காணிதான் பொடியாகிறது. நேரத்துக்குப் பிரித்த காணி காணியாகவே இருக்கும். கண்டிப் பக்கத்தில் இதுக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள்: அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே பெண்ணைக் கட்டுவது, 'ஏக கே' என்று, ஒரு வீடு ஒரு உலை. காணி உடையாது. அந்தப் பெண்ணுக்கு என்ன உடைந்தது என்பது கணக்கில் வராது. காணியைக் காப்பாற்ற எத்தனை பேரைப் பிடித்து ஆணியடிக்கிறோம் என்று யோசித்தால் தலை சுத்தும்.

எங்களிடம் இருந்த ஆணி தேசவழமை. 1707 இல் யாழ்ப்பாணத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்து அதிகாரி எழுதிவைத்தது. முதுசம் ஒரு பக்கம், சீதனம் ஒரு பக்கம், தேடியதேட்டம் ஒரு பக்கம். சீதனம் வாங்கிக்கொண்டு போன மகளுக்குப் பெற்றோரின் மிச்ச ஆதனத்தில் கதை இல்லை என்பது அதன் பழைய விதி. கலியாணம் கட்டிய பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொன்னது. கொழும்பில் பொதுச் சட்டம் வேறு. 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி மகனும் மகளும் சமம். எங்கட குடும்பத்துக்கு எது? அப்பப்பா யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் ஐம்பது வருசம் இருந்து செத்தவர். அவர் எந்தச் சட்டத்து மனுசன் என்பதே தனி வழக்கு. பெரியப்பா, "எங்களுக்குத் தேசவழமை" என்றார். வாழ்க்கையில் முதல்தடவையாகச் சட்டம் கதைத்தார். பெரிய மாமிக்கு 1979 இல் நகையும் மானிப்பாய்க் காணியும் கொடுத்தாயிற்று, ஆகவே அவவின் கணக்கு முடிந்தது. அந்தக் காணி பின்னர் எத்தனை வருசம் கால் வைக்க முடியாத இடமாக இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். சின்ன மாமி கலியாணம் கட்டவில்லை. அப்பப்பாவையும் அப்பம்மாவையும் கடைசிவரை பார்த்தது அவதான். அவவுக்குச் சீதனமும் இல்லை, பெரியப்பாவின் கணக்கில் பங்கும் இல்லை, "நான் வச்சுப் பார்ப்பன்" என்ற ஒரு வாக்குறுதி மட்டும்.

ஒற்றுமை என்ற சொல்லை எங்கட வீட்டில் யார் சொல்கிறார் என்று கவனித்தேன். வீட்டுச் சாவி வைத்திருக்கிறவர் சொல்கிறார். சாவி இல்லாத ஒருத்தரும் இதுவரை சொல்லிக் கேட்கவில்லை.

இதே சொல் ஒழுங்கையை விட்டு வெளியே வரும்போதும் அப்படித்தான் இருக்கிறது. இந்த நாட்டில் அதிகாரத்தில் ஒரு பங்கு கேட்டால் "நாட்டைப் பிரிக்கிறான்" என்பார்கள், பின்னால் கோட்டை ராச்சியத்தின் கதை வரும். 1949 இல் தமிழரசுக் கட்சி சமஷ்டி கேட்டபோது வந்தது. 1983 இல் ஆறாம் திருத்தம் கொண்டுவந்து சத்தியம் வாங்கியதும் அதே பயத்தில். ஆனால் சமஷ்டியை முதலில் கேட்டவர்கள் தமிழர் இல்லை. 1926 இல் அதைப் பற்றி எழுதினவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. 1927 இல் டொனமூர் ஆணைக்குழுவுக்கு முன்னால் போய்க் கேட்டவர்கள் கண்டிச் சிங்களவர்: கண்டி, கரைநாடு, வடக்கு கிழக்கு என்று மூன்று அலகு. அப்பவும் மூன்றுதான், பாருங்கள். அந்த நேரத்தில் அவர்களை யாரும் மாயாதுன்னை என்று திட்டியதாக நான் படிக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் சொல்வீர்கள். நாடும் காணியும் ஒன்று இல்லை. மக்கள் முதுசம் இல்லை. அவர்களை மூன்றாக வெட்டி அண்ணனுக்கும் தம்பிக்கும் கொடுக்கிற வேலையை 1521 இல் செய்தார்கள், அது கேவலம்தான். றைகமவில் வயல் உழுதவனிடம், "இண்டையில இருந்து உனக்கு இந்த ராசா" என்று ஒருத்தரும் கேட்டுச் சொல்லவில்லை. அதிகாரப் பகிர்வு அந்த மாதிரிப் பங்கு இல்லை. தன் இடத்து விசயத்தில் தானே முடிவெடுக்கிற உரிமை. அதனால்தான் கோட்டைக் கதையைச் சமஷ்டிக்கு எதிராகக் கொண்டுவருவது இரண்டு மடங்கு பிழை. ஒப்பிடக்கூடாததை ஒப்பிடுகிறார்கள், அந்த ஒப்பீட்டிலும் கதையைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

எங்கட பக்கத்திலும் இந்த நோய் உண்டு, மறைக்க வேண்டாம். "தமிழர் ஒற்றுமை" என்று சொல்லி எத்தனை பேரின் வாயை அடைத்தோம்? மலையகத்தவர் ஒரு பங்கு கேட்டபோது, முஸ்லிம்கள் கேட்டபோது, சாதியின் பெயரால் கோயிலுக்கு வெளியே நின்றவர்கள் கேட்டபோது, "இப்ப வேண்டாம், முதலில் வீடு கிடைக்கட்டும், பிறகு அறை பிரிப்பம்" என்றோம். சாவியை யாரிடம் கொடுக்கச் சொன்னோம் என்றும் ஞாபகம் இருக்கும்.

தர்மபாலவுக்குப் பிறகு போர்த்துக்கேயர் செய்த முதல் வேலைகளில் ஒன்று தோம்பு எழுதியது. ஊர் ஊராக, வயல் வயலாக, எது யாருடையது, எவ்வளவு வரி என்று. அந்தச் சொல்லை இன்றைக்கும் நாங்கள் காணி உறுதியில் பாவிக்கிறோம். குடும்பம் நாலு தலைமுறையாக எழுதிவைக்காததைப் பறித்தவன் வந்த கையோடு எழுதினான். கொட்டாஞ்சேனையில் காணிப் பிணக்கு பார்க்கிற ஒரு சட்டத்தரணி அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இப்பவும் அப்படித்தான் தம்பி. கட்டிடக்காரன் வரேக்க அவன்ட கையில உங்கட வீட்டு வரைபடம் இருக்கும், உங்கட கையில இருக்காது" என்றார்.

கூட்டம் முடியும் நேரம் பெரியப்பா அற்றோர்னிப் பத்திரத்தை எடுத்தார். ரொறன்ரோக்காரர் கையெழுத்து வைக்கத் தயார் என்றார். லண்டன்காரரின் இணைப்பு அறுந்துவிட்டது. என் அப்பா, வழமைபோல, அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மாமி குசினியில் இருந்து தேத்தண்ணித் தட்டோடு வந்தா, ஒவ்வொருத்தருக்கும் கொடுத்தா, கடைசியில் பெரியப்பாவின் முன்னால் நின்றா.

"அண்ணா, உறுதியின்ட பிரதி ஒண்டு எனக்கு வேணும்" என்றா.

"உனக்கு எதுக்கு? நான் இருக்கிறன்தானே."

"ஓம் அண்ணா, நீங்கள் இருக்கிறீங்கள். அதுதான் கேக்கிறன்."

பெரியப்பா சீனி போதாது என்றார். மாமி சீனிப் போத்தலை எடுத்துவந்து மேசையில் வைத்துவிட்டு, அந்த இடத்திலேயே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. இதை எழுதுகிற நேரம்வரை பத்திரத்தில் மூன்று கையெழுத்துத்தான் விழுந்திருக்கிறது.